பதினோரு வாரச் சுத்தக் காற்று

மழைக்கோட்டை எடுக்கலாம் என்று இன்று காலை ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். அடியில் அந்த வெள்ளி நிற டேப் சுருள் கிடந்தது. காற்றுக் குழாய் மூட்டுகளில் கசிவு இல்லாமல் ஒட்டுவோமே, அதுதான். பாதி தீர்ந்திருந்தது. நுனி கோணல்மாணலாகக் கிழிந்திருந்தது. கத்தரிக்கோல் பட்ட நுனி இல்லை அது, நீ பல்லால் கடித்த நுனி. கம்பெனியில் இத்தனை வருஷம் அதற்காகவே திட்டு வாங்கியும் திருந்தாத ஜென்மம் நீ. மழை முதுகில் விழ விழ, சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் "இன்னா சார், வண்டி ஸ்டார்ட் ஆவலியா?" என்று கேட்ட பிறகுதான் மூடினேன்.

வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. நேற்று ரேவதி போன் செய்தாள். உன் மனைவி பெயர் போனில் வந்தால் இப்போதெல்லாம் நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுக்கிறேன். அவள் தங்கையை வேப்பம்பட்டில் கட்டிக்கொடுத்தீர்களே, அந்தப் பெண்ணுக்கும் ரத்தத்தில் நோயாம். உனக்கு ஏற்றிய மாதிரியே மருந்து ஏற்றுகிறார்களாம். "தூசு படாம வெச்சிக்க சொல்லிட்டாங்கண்ணா. அவருக்குக் கட்னீங்களே, அதே மாதிரி ஒரு ரூம் கட்டிக் குடுங்க. நாளைக்கு ஊட்டாண்ட வாங்க, பேசிக்கலாம்" என்றாள். சரிம்மா என்று என் வாய் சொல்லிவிட்டது.

அதே மாதிரி கட்டக்கூடாது. ஏன் கூடாது என்று சொல்ல வேண்டுமானால், ஒரு வருஷமாக நான் மறைத்து வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ரேவதி முகத்தில் இனி விழிக்க முடியாது. சொல்லாமல் நழுவினால் வேறு எவனாவது அதே தப்பைச் செய்வான், அந்தப் பெண் அதற்குள் படுத்திருப்பாள். சாயங்காலம் நூம்பலில் உன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குள் உன்னிடம் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். நீயாவது குறுக்கே பேசமாட்டாய்.

நினைவிருக்கிறதா, அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கண் மருந்துக் கம்பெனியில் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். உனக்கு மாடியில் வேலை, காற்றை இழுத்து வடிகட்டிக் கீழே தள்ளுகிற மெஷின்களோடு. எனக்குக் கீழே, நீ தள்ளிய காற்றில் எத்தனை தூசு மிச்சம் என்று மீட்டர் வைத்து எண்ணுகிற வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரர், மதுரைப் பக்கத்து ஆள். என் பேச்சைக் கேட்டு முதல் நாளே ஆரம்பித்துவிட்டாய்: "இன்னா மச்சான், ரேடியோல நியூஸ் படிக்கிறியா?" நீ நூம்பல்காரன். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம், நிலத்தை எல்லாம் மனை போட்டு விற்ற பிறகு மாதச் சம்பளத்துக்கு வந்தவன்.

மருந்து நிரப்புகிற அறைக்குள் போவதென்றால் என்ன பாடு! குளித்திருக்க வேண்டும். பவுடர் கூடாது, பூ கூடாது, நெற்றியில் விபூதி கூடாது. நீ தினமும் மாங்காடு அம்மன் குங்குமத்தோடு வந்து, உடை மாற்றும் அறை வாசலில் "மன்னிச்சிக்கோ தாயே" என்று துடைத்துவிட்டு நுழைவாய். வெள்ளை அங்கிக்குள் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, கையை வீசாமல், சத்தமாய்ப் பேசாமல் நடக்க வேண்டும். "எங்கப்பன் சாவுல கூட நான் இவ்ளோ அமைதியா நடக்கல மச்சான்" என்பாய். இன்னொன்றும் சொல்வாய், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம்: "பத்து மெஷின் ஓடட்டும், ஒன்னும் ஆவாது. ஒரு மனுசன் உள்ள பூந்து தலைய சொறிஞ்சான்னா போச்சு. குப்பைன்னா அது நாமதான்." எல்லோரும் சிரிப்பார்கள். உண்மையும் அதுதான். சுத்த அறையில் பெரிய அழுக்கு மனுஷன்தான். அந்த ஒரு வாசகத்தை நான் எங்கே கொண்டுபோய் உபயோகித்தேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உனக்கு நோய் என்று தெரிந்த அன்று நீ அழவில்லை. நான்தான் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் பார்க்க அழுதேன். முதல் சுற்று மருந்து முடிந்ததும் டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்கள் ஏறக்குறைய இல்லை. உன் அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறது. மூன்று மாதம் தொற்று எதுவும் வராமல் காப்பாற்றிவிட்டால் மஜ்ஜையை மாற்றி வைத்துவிடலாம். கூட்டம் வேண்டாம், தூசு வேண்டாம், பக்கத்தில் வருகிறவர்கள் கையைக் கழுவி முகக்கவசம் போட்டால் போதும். இதுதான் அவர் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை.

ஆனால் உன் வீட்டைச் சுற்றி என்ன நடந்துகொண்டிருந்தது! நீங்கள் விற்ற வயலிலேயே மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு ஜேசிபி உறுமும். எம்-சாண்ட் மணலை லாரி கொட்டிவிட்டுப் போனால் துணிக்கொடியில் சேலை சாம்பலாகும். அந்த மண்ணிலும் சிமெண்டிலும் என்னென்ன பூஞ்சை பறக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதானே என் பிழைப்பு. கம்பெனியில் கழித்துப்போட்ட விசிறிப் பெட்டி ஒன்றை மேனேஜரிடம் கெஞ்சி வாங்கினேன். அதற்குப் புது ஹெப்பா ஃபில்டர், கண்ணுக்குத் தெரியாத தூசையும் பிடிக்கிற வடிகட்டி. உன் படுக்கையறை ஜன்னலை அடைத்து, கதவுக்குப் பட்டை ஒட்டி, தரைக்கு விரிப்புப் போட்டு நான்கு நாளில் ஒரு சுத்த அறை கட்டினேன். நீ கட்டிலில் உட்கார்ந்து எனக்கு டேப் கடித்துக் கொடுத்தாய். "பல்லால கடிக்காதடா, தொற்று!" என்று கத்தினேன். "என் வாயி, என் டேப்பு" என்றாய்.

மெஷினைப் போட்டதும் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கதவிடுக்கில் பிடித்தாய். அது வெளிப்பக்கமாகப் படபடத்தது. உள்ளே சுத்தக் காற்று நிறைந்து வெளியே தள்ளுகிறது, வெளித்தூசு ஒன்று உள்ளே வராது என்று அர்த்தம். "தள்ளுது மச்சான், தள்ளுது! நூம்பலையே தள்ளுது!" என்று நீ போட்ட சத்தத்தில் ரேவதி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மூன்று பேரும் சிரித்தோம். அதுதான் நாம் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்த கடைசி நேரம். ஏனென்றால் அடுத்த நிமிஷம் நான் ரேவதியைப் பார்த்து, "இனிமேல் நீ சும்மா சும்மா உள்ளே வரக்கூடாதும்மா" என்றேன்.

எழுதவே கூசுகிறது. அறைக் கதவில் கம்பெனி முறைப்படி ஒரு தாள் ஒட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டே தடவை நுழைவு. முழு வெள்ளை அங்கி, தலைமூடி, கையுறை இரண்டு ஜோடி. சாப்பாட்டை வைத்துவிட்டு ஐந்து நிமிஷத்தில் வெளியே. கட்டிலில் உட்காரக் கூடாது. தொடக் கூடாது. "டாக்டரு கைய கழுவினா போதும்னாரேண்ணா" என்று ரேவதி கேட்டாள். "டாக்டருக்கு மருந்து தெரியும், அறையைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன். எவ்வளவு திமிர்! பத்து வருஷம் தூசு எண்ணினவன் என்ற திமிர். கதவில் கண்ணாடிச் சதுரம் ஒன்று வைத்துக் கொடுத்தேன், பார்த்துக்கொள்ளட்டும் என்று. அதற்கே பெரிய தயவு செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஒரு நாள் கேட்டாய்: "மச்சான், அவ கையால ஒரு வாய் ரசஞ்சோறு. ஒரே ஒரு வாய்டா." ஸ்பூன் இருக்கிறதே என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கோபம் என்று நினைத்து, ஆறினால் சரியாகிவிடும் என்று கிளம்பிவிட்டேன்.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு மீட்டரோடு வருவேன். நீ குளியலறைக்குப் போயிருக்கும் நேரத்தில், காலி அறையில், கட்டில் உயரத்தில் வைத்து எண்ணுவேன். சில நாள் பூஜ்ஜியமே வரும். கதவுக் கண்ணாடியில் அந்த எண்ணைக் காட்டினால் ரேவதி கும்பிடுவாள். எனக்குப் பெருமை தாங்காது. டெப்போ டீக்கடையில் முன்பின் தெரியாதவனிடமெல்லாம் சொல்வேன், என் நண்பன் வீட்டில் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தமான காற்று என்று.

ஐந்தாவது வாரம் ரேவதி என்னை வாசலில் நிறுத்தினாள். "அண்ணா, நேத்து கரண்ட்டு போய் வந்துச்சி. வந்தப்போ உள்ளேந்து ஒரு ஈர வாடை. பழைய சாக்குப் பையை தொறந்தா வருமே, அந்த மாதிரி." நான் உள்ளே போய் முகர்ந்தேன். சானிடைசர் வாசனைதான் வந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரைப் போட்டேன், எண்ணிக்கை ஒற்றை இலக்கம். அவளிடம் திருப்பிக் காட்டினேன். "இது பொய் சொல்லாதும்மா" என்றேன். மூக்கு என்பது ஒரு கருவியா, அதை நம்புவதா என்பது எங்கள் வேலையில் ஊறிப்போன புத்தி. கம்பெனியில் கரண்ட் போனால் அடுத்த நொடி ஜெனரேட்டர் எடுத்துவிடும். காற்று நிற்கிற கணம் என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நூம்பலில் ஒரு நாளைக்கு நான்கு தடவை நின்றது.

பதினோராவது வாரம் காய்ச்சல். ஸ்கேன் எடுத்துவிட்டு நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். பூஞ்சை! இல்லை சார், இருக்காது, அறையில் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று அந்த டாக்டரிடம் சண்டை போட்டேன், தினமும் எண்ணி எழுதிய நோட்டைக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றார். ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில், யாரையும் பக்கத்தில் விடவில்லை. கடைசி இரண்டு நாள் மூக்கில், வாயில் எல்லாம் குழாய். நீ எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

காரியம் முடிந்த பிறகு அறையைப் பிரிக்க வந்தேன். விசிறிப் பெட்டியைக் குளியலறைச் சுவரோரம், உன் தலைமாட்டில் வைத்திருந்தேன், பிளக் அங்கேதான் இருந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நான் அடித்த பலகையை நெம்பினேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு, ரோமம் ரோமமாக. சுவருக்குள் குளியலறைக் குழாய் கசிந்து நனைந்திருக்கிறது. அந்த ஈரத்தில் பலகையின் கீழோர டேப் கழன்று தொங்கியது. மெஷின் ஓடும்வரை ஒன்றுமில்லை. நின்று மறுபடி எடுக்கும்போதெல்லாம் பெட்டி ஒரு உதறு உதறும், பலகை அதிரும், உன் தலைமாட்டில் பூஞ்சைத் தூளோடு ஒரு மூச்சுக் காற்று வெளியே வரும். நான் எண்ணியதெல்லாம் ஓடும்போது, நீ இல்லாதபோது. வெளித்தூசுக்கு அத்தனை பூட்டுப் போட்டவன், பூஞ்சையை உன் தலைமாட்டில் வைத்து ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

ரேவதி அடுப்படியில் இருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவைச் சாத்திக்கொண்டு சுவரைத் துடைத்தேன். சுண்ணாம்பு வாங்கிவந்து இரண்டு பூச்சு அடித்தேன். பலகையைத் துணியில் சுற்றிக் குப்பை லாரியில் போட்டேன். "எதுக்குண்ணா உங்களுக்கு இந்த வேலை" என்று டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் அவள் சொல்கிறாள், அண்ணன் கட்டின ரூமாலதான் அவரு அத்தினி நாள் இருந்தாரு என்று. ஒவ்வொரு தடவையும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும். மணி நாலாகிறது. கிளம்புகிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன்.

அவள் முன்கூடத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். குழாய்க் கசிவு, பலகை, கறுப்பு, சுண்ணாம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"கறுப்பா இருந்தது தெரியாது. வாடை தெரியும்ணா" என்றாள். "கரண்ட்டு போய் வரப்போல்லாம் வரும். அவருக்கும் தெரியும். இன்னொரு வாட்டி உங்களாண்ட சொல்லப் போனேன். அவருதான் வோணாம்னாரு."

"ஏன்மா?"

"'அவன் சோறு தண்ணி இல்லாம ஓடிகினு கீறான். இதுல குத்தம்னு சொன்னா ஒடிஞ்சி பூடுவான். வாடைதானே, வுடு'ன்னாரு."

அடப்பாவி! நீ சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் பலகையைப் பிய்த்து எறிந்திருப்பேனேடா! என் மனசு கோணக்கூடாது என்று யார் உன்னைக் கேட்டது? மூன்று மாதத்தில் பதினோரு வாரம் தாண்டினவன், இன்னும் இரண்டே வாரம். உன் வாயை யாராவது பூட்டினார்களா? பூட்டினேன், ஆமாம். நான்தான் பூட்டினேன். ரேவதியிடம் மீட்டரைத் திருப்பிக் காட்டினேனே, அதை நீ குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்.

அங்கேயே அழுதுவிட்டேன். என்னைத் திட்டு ரேவதி, ரெண்டு அடி அடி, தயவுசெய்து சும்மா இருக்காதே என்று கெஞ்சினேன். அவள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். கீது. நெறியா கீது. ஆனா நீங்க சொல்றீங்களே, அதுக்கு இல்ல. கொழா ஒழுவுனா யாரு இன்னா பண்ணுவாங்க. பதினோரு வாரம்ணா. அவரு கைய தொட வுடலியே நீங்க. கண்ணாடியாண்ட நின்னு நின்னு பாத்துட்டுப் போனேனே. ஆஸ்பத்திரில ஒடம்ப குடுத்தப்பதான் தொட்டேன். அதுக்குத்தான் கோவம். அது எப்பவும் போவாது."

ஒரு வருஷமாக நான் பயந்து செத்தது ஒரு பலகைக்காக. அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தது வேறொன்றுக்காக. அது கண்ணுக்கு எதிரே, கதவில், என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. நான் அதைத் தப்பு என்று நினைத்ததே இல்லை.

அப்படியென்றால் என்னை ஏன் மறுபடி கூப்பிட்டாய் என்று கேட்டேன். "வேற யாரு வருவாங்க? எங்களுக்கு யாரத் தெரியும்?" என்றாள். "கட்டுங்க. நான் கூடவே நிப்பேன். வாடைன்னா வாடைதான், மீட்டர எடுத்து நீட்டக் கூடாது." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

நாளை வேப்பம்பட்டு. பலகை அடிக்கமாட்டேன், சுவரோரம் எதையும் வைக்கமாட்டேன், கரண்ட் போனால் என்ன ஆகிறது என்று அங்கேயே உட்கார்ந்து பார்ப்பேன். அதெல்லாம் செய்துவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் புருஷன் வாசலில் நின்று கேட்பான், அவ பக்கத்துல ஒக்காரலாமா சார் என்று. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் உட்காருப்பா, அவள் கையைப் பிடித்துக்கொள் என்று சொல்வேன். ஒரே ஒரு வரி. சொல்ல ஒரு நொடி ஆகுமா? உன் வீட்டு வாசலில் எழுபத்தேழு நாள் நின்றேன், ஒரு நாள்கூட அதை நான் சொல்லவில்லையே, மச்சான்.